நார்மல் என்று எழுதிய குழாய்

இடது கையை மேசைமேல் நீட்டி, முகத்தை வலப்பக்கச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, "ம், குத்து" என்கிறார். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டை இறுகுகிறது. "இந்த இடம் சல்லடையா இருக்குக்கா, கொஞ்சம் தள்ளிப் போறேன்" என்கிறாள் எதிரில் நிற்பவள். "உன் இஷ்டம்டி. எங்க வேணா தோண்டிக்கோ." ஊசி இறங்குகிறது. ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் ஏறியதும் பட்டை அவிழ்கிறது. பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டர், அதன்மேல் கட்டைவிரலால் ஓர் அழுத்தம். குழாயின்மேல் பேனாவால் எழுதப்படுவது ஒரே சொல்: நார்மல். மணி எட்டேகால். பதினோரு வருடமாக, விடுமுறை நாட்கள் தவிர, இந்தப் பரிசோதனைக்கூடத்தின் வேலை இப்படித்தான் தொடங்கியது.

அதனால் அவருக்கு நார்மலக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. வாசல் காவல்காரர் முதல் கையெழுத்துப் போடும் டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவர் நார்மலக்காதான். வயது ஐம்பத்து நான்கு. ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற குணம். கதவைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்கி, திரும்ப ஏறி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். "அக்கா, பூட்டு அழுவுது, விடுங்க" என்று கேலி செய்வாள் ஊசிக்காரி. அக்காவுக்குக் குத்துகிறவள் அவள்தான். ஆறு வருடமாக இங்கே ரத்தம் எடுக்கிறாள். வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், வாய் ஒரு நிமிடம் ஓயாது. ஊசிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அக்கா. பதிலுக்குப் பதில்.

ரத்தப் புற்றுநோயை இன்னது என்று அடையாளம் கண்டு சொல்கிற கூடம் அது. வெள்ளை அணுக்களில் பல, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். நல்லது எது, கெட்டது எது என்று சொல்லமுடியாது. ஆனால் ஒவ்வோர் அணுவும் மேலே சில அடையாளங்களைச் சுமந்துகொண்டுதான் திரிகிறது. அவற்றுக்கு மூன்று, ஐந்து, பத்து, பத்தொன்பது, இருபது என்று எண்கள் உண்டு. ஒவ்வோர் அடையாளத்தையும் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே தனித்தனிச் சரக்கு, குளிர்பெட்டியில் கட்டைவிரல் அளவுப் புட்டிகளில் இருக்கிறது. மோனோக்ளோனல் ஆன்டிபாடி என்பார்கள். ஒரே அணுவின் வாரிசுகள் செய்து கொடுத்தது என்பதால் புட்டியில் உள்ள அத்தனைக்கும் ஒரே புத்தி. பத்தொன்பதைத் தேடுவது பத்தொன்பதில் மட்டும்தான் ஒட்டும். பக்கத்தில் இருபது நின்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. ஒவ்வொன்றிலும் ஒரு சாயம் கோத்திருக்கும். மெஷின் அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போகும்போது அந்தச் சாயம் மினுங்க, மானிட்டரில் ஒரு புள்ளி விழும். அப்படி லட்சம் புள்ளிகள் விழுந்தால் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கும். அந்தக் கூட்டங்களைச் சுற்றிக் கோடு இழுப்பதுதான் அக்காவின் வேலை.

அக்கா சொல்கிற விதமே வேறு. "மூணும் அஞ்சும் ஒரு குடும்பம். பத்தொன்பதும் இருபதும் இன்னொரு குடும்பம். பத்தொன்பது வீட்டுக்குள்ள அஞ்சு வந்து குடியிருந்தா, என்ன ஏதுன்னு விசாரிக்கணும். கூடவே இருபது முகம் வாடி நின்னா, உடனே டாக்டரம்மாவைக் கூப்பிடணும்." இதைவிடச் சுருக்கமாக யாரும் பாடம் நடத்திவிட முடியாது.

சரி, கூட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? நோய் இல்லாத ஒருவரின் ரத்தத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அதை வைத்துத்தான். ஆரம்பத்தில் கூடத்தில் இருந்த ஐந்து பேரும் முறை வைத்துக் கை நீட்டினார்கள். ஒருத்திக்குப் பிள்ளை உண்டானது, இன்னொருத்திக்கு ரத்தசோகை, ஒருவர் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுந்தார், மற்றவர் சொல்லாமல் கொள்ளாமல் முறையைத் தவறவிட்டார். மிஞ்சியது அக்கா. "எனக்கென்ன, பெத்துக்கப் போறேனா, வளக்கப் போறேனா? எடுத்துக்குங்க" என்றார். அன்று முதல், அந்தக் கூடத்துக்கு வந்த ஒவ்வொரு நோயாளியின் ரத்தமும் அக்காவின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் படிக்கப்பட்டது.

அதில் அவருக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? இருந்தது. சொல்லமாட்டார், அவ்வளவுதான். யாராவது சிவப்பு மை கேட்டால்கூட இல்லை என்று சொல்லிவிடுகிற கஞ்ச மனசுக்காரர், தம் ரத்தத்தின் படத்தை மாதா மாதம் அச்செடுத்து ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தார். பதினோரு வருடப் படங்கள். "என் போட்டோ ஆல்பம்டி" என்று ஒரு தடவை ஊசிக்காரியிடம் காட்டினார். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒரே மாதிரி போஸ் குடுத்திருக்கீங்க" என்றாள். அக்கா நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

ஆன்டிபாடி ஒட்டுவதற்கு இருபது நிமிடம் வேண்டும், அதுவும் இருட்டில். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். மற்றவர்கள் குழாய்களை அலுமினியத் தாளால் மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். அக்கா மூடமாட்டார். ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையின் விளக்கையே அணைத்துவிட்டு, குழாய்களோடு தாமும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். டைமர் அடித்ததும்தான் வெளியே வருவார். "உள்ள என்னதான்கா பண்றீங்க?" என்று கேட்டாள் ஊசிக்காரி. "ஒண்ணும் பண்ணல. வெளிச்சத்துலதான்டி பக்கத்துல யாரும் இல்லைன்னு தெரியுது. இருட்டுல தெரியல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஊசிக்காரிக்குத்தான் அதற்கு எப்படிச் சிரிப்பது என்று தெரியவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். அம்மாவை ஒன்பது வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அம்மா போனபிறகு அந்தக் கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார், இன்னும் சாய்ந்தே நிற்கிறது. தம்பி வேறொரு நாட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "நல்லாருக்கியாக்கா? சாப்பிட்டியா? சரி, வெச்சிடட்டுமா?" நான்கு நிமிடம். கீழே ரொட்டிக் கடையில் அக்கா பாதி ரொட்டிதான் வாங்குவார். முழுசு வாங்கினால் பூசணம் பிடிக்கும். ஒரு நாள் கடைக்காரரிடம், "மறுபாதிய யாருங்க வாங்கறா?" என்று கேட்டார். "அதுவும் ஒத்தை ஆள்தாம்மா. உங்களுக்கு முன்னாடியே வந்து வாங்கிட்டுப் போயிருவாரு" என்றார் அவர். யார் என்று கேட்கவில்லை அக்கா. ஆனால் அன்றிலிருந்து ரொட்டியின் வெட்டுப்பட்ட பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்.

காலையில் ஒட்டிய பிளாஸ்டரை ராத்திரி குளிக்கப் போகும்வரை எடுக்கமாட்டார். அரிக்கும், ஓரத்தில் அழுக்குச் சேரும், எடுக்கமாட்டார். ஒரு நாளில் இன்னொரு மனுஷக் கை அவர்மேல் படுவது அந்த ஒரே தடவைதான். இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொல்கிற விஷயமா அது?

வெளியாட்களில் அவரோடு முகம் கொடுத்துப் பேசுகிறவர் ஒருவர் உண்டென்றால் அது லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். அறுபத்தாறு வயது. நாட்பட்ட வகை ரத்தப் புற்றுநோய், மெல்ல ஊர்ந்து வருகிற வகை. பத்தொன்பதும் ஐந்தும் ஒரே அணுவில் குடியிருக்கும், இருபது மங்கி நிற்கும். இரண்டு வருடமாக மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, கண்ணாடித் தடுப்பில் விரலால் தட்டி, "என்ன தங்கச்சி, உள்ள மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கா?" என்பார். "டாக்டரம்மா சொல்வாங்கண்ணே" என்பார் அக்கா. நோயாளியிடம் முடிவைச் சொல்ல டெக்னீஷியனுக்கு அனுமதி இல்லை. "நீ சொல்லாட்டிப் போ, உன் லிஃப்ட்டப் பத்தி நான் சொல்றேன். ரெண்டாவது மாடில அதுக்கு மூச்சு வாங்குது. கயிறு பாக்கச் சொல்லு."

காத்திருப்போர் பகுதியில் அவர் உட்காரும்போது, தோளில் தொங்கும் காக்கி நிறத் தளவாடப் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொள்வார். தொற்று வரக்கூடாது, கூட்டத்தில் ஒட்டி உட்காராதே என்று டாக்டர் சொன்னது. அவர் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். எத்தனை கூட்டமாக இருந்தாலும் பை நகராது. "பெரியவரே, பைக்கும் ஒரு டோக்கன் போடட்டுமா? ரத்தம் எடுத்துருவோம்" என்பாள் ஊசிக்காரி. "எடும்மா, கிரீஸ்தான் வரும்" என்பார். பை நகராது.

போன முறை அவர் ரத்தத்தில், பத்தொன்பதும் ஐந்தும் சேர்ந்து நிற்கும் இடத்தில் கொஞ்சம் புள்ளிகள் நின்றன. அக்கா நார்மல் குழாயின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிலும் அதே இடத்தில், அதே அளவு புள்ளிகள். நல்ல ஆட்களிடமும் அப்படிச் சில இருக்கும்தான். 'நார்மலில் உள்ளது போலவே. மிச்ச நோய் இல்லை' என்று குறித்தார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். மாத்திரை நின்றது. லிஃப்ட்காரர் கண்ணாடித் தடுப்பை அன்றைக்குத் தட்டவில்லை, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் விரித்து வைத்தார். "பதினெட்டு மாடிக் கட்டடம் ஒண்ணு கூப்பிட்டிருக்கான் தங்கச்சி. போறேன், மறுபடியும் மேல ஏறப் போறேன்" என்றார். அக்காவுக்கும் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

பிறகுதான் தர ஆய்வுக்கு ஒருவர் வந்தார். எல்லாம் பார்த்துவிட்டு, எட்டேகால் மணிக்கு நடப்பதையும் பார்த்தார். "வருஷக்கணக்கா ஒரே ஆளோட ரத்தத்த வெச்சா அளக்கறீங்க? இது கூடாதுங்களே. ஒப்பிடறதுக்குன்னே பாட்டில்ல வர்ற கன்ட்ரோல் அணுக்கள வாங்குங்க" என்றார். டாக்டரம்மா தலையாட்டினார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆய்வாளர் போனதும் ஊசிக்காரியிடம் கொட்டித் தீர்த்தார். "யார் ரத்தமோ, என்னைக்கு எடுத்ததோ, மருந்து போட்டு ஊறவெச்சு அனுப்பறான். அது நார்மலாம், நான் இல்லையாம்!"

பாட்டில் வந்த அன்று, அதன் வண்டவாளத்தை வெளியே கொண்டுவந்தே தீருவது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினார். எல்லாக் கூட்டமும் இரண்டிலும் ஒன்றாகத்தான் நின்றது. ஒரே ஓர் இடம் மட்டும் இடித்தது. பத்தொன்பதும் ஐந்தும் சேர்ந்து நிற்கும் மூலையில், அக்காவின் படத்தில் கடுகு சிந்தியதுபோல் ஒரு சிறு கூட்டம். பாட்டிலின் படத்தில் அங்கே கிட்டத்தட்டக் காலி. "பாத்தியா? ஊறவெச்சதுல செத்துப்போச்சு" என்று கையைத் தட்டினார். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு தரம் பூட்டை இழுத்துப் பார்க்கிறவர் ஆயிற்றே. "ஏய், இங்க வாடி. இன்னைக்கு நீ கைய நீட்டு" என்றார்.

ஊசிக்காரிக்கு ஊரையே குத்தத் தெரியும், தன் கையில் குத்து வாங்கத் தெரியாது. "ஐயோ அக்கா, மெதுவா, மெதுவா, ஐயோ" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அவள் ரத்தம் ஓடியது. அந்த மூலையில் அங்கொன்று இங்கொன்றாகச் சில புள்ளிகள். கூட்டம் இல்லை.

அக்கா தம் ரத்தத்தில் மிச்சம் இருந்ததை எடுத்தார். பத்தொன்பது சுமக்கும் அணுக்கள் மேலே இரண்டு வகைச் சங்கிலிகளில் ஏதாவது ஒன்றை அணிந்திருக்கும். கப்பா, லாம்டா என்று பெயர். நல்ல கூட்டத்தில் இரண்டும் கலந்து இருக்கும். கூட்டத்தில் எல்லாம் ஒரே வகை என்றால், அத்தனையும் ஓர் அணு பெற்றுப் போட்டவை என்று பொருள். கழுவிக் கழுவிச் செய்ய வேண்டிய நீண்ட பரிசோதனை என்பதால் நார்மல் குழாய்க்கு அதை யாரும் செய்ததே இல்லை. நார்மலுக்கு எதற்கு? அன்று செய்தார். விளக்கை அணைத்து இருபது நிமிடம் உட்கார்ந்தார். ஓட்டினார். அந்தச் சிறு கூட்டத்தில் அத்தனையும் லாம்டா.

முதலில் அவருக்கு வந்தது தம்மைப் பற்றிய பயம் இல்லை. கண்ணாடியில் விரித்து வைத்த இரண்டு உள்ளங்கைகள்தான் வந்தன. அந்தப் புள்ளிகள் நார்மலில் உள்ளது போலவே இருந்தன என்றால், நார்மலிலேயே அது இருந்திருக்கிறது. இத்தனை நாளும் கோணல் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டிருக்கிறோம் என்று புரிந்தது.

ஆல்பத்தை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினார். பதினான்கு மாதத்துக்கு முந்திய படத்தில் மூன்றே புள்ளி. அதற்கு அடுத்ததில் ஐந்து. பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு. இப்படி மெல்ல மெல்ல வளர்ந்ததைத் தினமும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. மாதா மாதம் கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார், தம் கையாலேயே. ஒரே மாதிரி போஸ் கொடுக்கவில்லை அவர். ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்தப் பதினான்கு மாதத்தில், மிச்ச நோய் உண்டா என்ற இதே கேள்வியோடு வந்த நோயாளிகளின் பதிவுகள் முப்பத்தொன்று. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பாட்டில் படத்தோடு வைத்துத் திரும்பப் படித்தார். முப்பது சரியாக இருந்தன. லிஃப்ட்காரருடையது மட்டும் தப்பு.

அவருக்கு அடுத்த முறை ரத்தம் கொடுக்கும் தேதி இன்னும் பத்து நாளில் இருந்தது. பத்து நாள் பொறுத்தால் போதும். புதுப் பாட்டிலை வைத்துப் படித்தால் புள்ளிகள் தெரியும். நோய் திரும்பிவிட்டது என்று எழுதுவார்கள். நோய் திரும்புவது சகஜம்தானே, யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கட்டிலுக்குப் பின்னால் செருகிவிட்டால் நார்மலக்கா நார்மலக்காவாகவே இருந்துவிடலாம். இதையெல்லாம் அவர் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மறுநாள் இருட்டறையில் இருபது நிமிடமும் அதைத்தான் நினைத்தார். டைமர் அடித்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனார்.

"இந்த நார்மல் நார்மல் இல்ல டாக்டர்" என்று மேசைமேல் விரித்தார். டாக்டரம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கடைசிப் படத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா... இது உங்களோடதா?"

"என்னத விடுங்க. இவருத பாருங்க." லிஃப்ட்காரரின் தாளை மேலே வைத்தார். "மாத்திரை நிப்பாட்டி மூணு மாசம் ஆகப்போவுது. நான் எழுதிக் குடுத்து நின்னது."

"கையெழுத்து என்னோடதுக்கா."

"நீங்க என்னை நம்பிப் போட்டீங்க."

"அதைத்தான் சொல்றேன். நம்பினது என் தப்பு." டாக்டரம்மா போனை எடுத்தார். பிறகு வைத்துவிட்டு, "அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க வர வேணாம்" என்றார். அக்கா வந்தே தீருவேன் என்று நின்றார்.

லிஃப்ட்காரர் மறுநாளே வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னதெல்லாம் கேட்டார். பூசி மெழுகாமல்தான் சொன்னார் டாக்டரம்மா. புள்ளிகள் கொஞ்சம்தான், மாத்திரையைத் திரும்பத் தொடங்கினால் அடங்கிவிடும், ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"நார்மல்னு ஒண்ண வெச்சுப் பாத்தீங்களாம், அதுதான் தப்புன்றாங்களே. அது யாரோடது?"

"என்னோடதுண்ணே."

"உனக்கும் இதேவா?"

"ஆமா. ஆனா நோய்னு சொல்ற அளவுக்கு இல்லையாம்."

"ரெண்டு வருஷத்துல இந்த மூணு மாசம்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்" என்றார் லிஃப்ட்காரர். "அதுவும் பொய்த் தூக்கம்னு இப்ப சொல்றீங்க. பதினெட்டாம் மாடில நின்னுக்கிட்டு, எனக்கு ஒண்ணுமில்லன்னு சத்தம் போட்டுச் சொன்னேன் தெரியுமா? கூட இருந்த பசங்கல்லாம் கை தட்டினாங்க." எழுந்து பையைத் தோளில் மாட்டினார். அக்கா "அண்ணே" என்றார். அவர் நிற்கவில்லை. லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. அவர் படிக்கட்டில் இறங்கிப் போனார். நான்கு மாடி. அந்தக் காலடிச் சத்தம் கீழே போய்த் தீரும்வரை அக்கா நடைபாதையில் நின்றார்.

அக்காவின் விஷயத்தை ரத்தநோய் டாக்டர் ஒருவர் பார்த்தார். "நிறைய பேருக்கு வயசானா இப்படிச் சின்னதா ஒண்ணு இருக்கும். பெரும்பாலும் இப்படியேதான் இருக்கும். மருந்து வேணாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணிப் பாத்துக்குவோம்" என்றார். பதிவுத் தாளை ஊசிக்காரிதான் கொண்டுவந்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"என்னடி?"

"உங்க முழுப் பேரு என்னக்கா?"

ஆறு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் தடவை குத்தியிருக்கிறாள். அக்கா தம் பெயரைச் சொன்னார். தம் வாயாலேயே அதைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. ஊசிக்காரி எழுதிவிட்டு, "அழகா இருக்குக்கா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அடுத்த கட்டம்: உடன் இருப்பவர் பெயர், தொலைபேசி எண். அக்கா தாளை வாங்கி, அந்த இடத்தில் நேராக ஒரு கோடு போட்டார். தம்பிக்குச் சொல்லவில்லை. நான்கு நிமிடத்தில் சொல்லி முடிகிற சங்கதியா?

மறுநாளிலிருந்து பாட்டில்தான். எட்டேகாலுக்கு அக்கா அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளங்கைக்குள் உருட்டிக் குளிர் போக்குவார். பழக்க தோஷத்தில் இடது கைச் சட்டையை மடித்துவிட்டு, பிறகு இறக்கிவிடுவார். "காலைல உங்களைக் குத்தாம எனக்குப் பொழுதே போகலக்கா. வேணும்னா சும்மா ஒரு குத்து குத்தட்டா?" என்பாள் ஊசிக்காரி. "போடி அந்தப் பக்கம்." ராத்திரி குளிக்கப் போகும்போது பிய்த்தெடுக்க ஒன்றும் இல்லை. முழங்கை மடிப்பில் இருந்த கறுத்த தழும்புகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன. நல்லதுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

லிஃப்ட்காரர் மூன்று மாதம் கழித்து வந்தார். பை வழக்கம்போலப் பக்கத்து நாற்காலியில். ரத்தம் கொடுத்தார், கண்ணாடியைத் தட்டவில்லை. உள்ளே அக்கா நிற்பது தெரிந்தும் வேறெங்கோ பார்த்தார். லிஃப்ட்டைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனைக்கும் அது அப்போது மூன்றாவது மாடியிலும் இருமத் தொடங்கியிருந்தது. மாத்திரை வேலை செய்திருந்தது, புள்ளிகள் குறைந்திருந்தன. அக்கா அதை மூன்று தரம் படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தார்.

மேலும் மூன்று மாதத்தில் அக்காவின் முறை வந்தது. "இங்கயே உக்காருங்கக்கா, ரெண்டு நிமிஷத்துல எடுத்துர்றேன்" என்றாள் ஊசிக்காரி. அக்கா கேட்கவில்லை. "நோயாளின்னா டோக்கன் எடுத்துட்டுத்தான் வரணும்" என்று வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கோட்டு இல்லாமல் அந்த இடத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. தோள் இன்னும் குறுகித் தெரிந்தது. சுற்றிக்கொண்டு வெளியே போய், டோக்கன் எடுத்து, பதினோரு வருடமாகக் கண்ணாடிக்கு உள்ளிருந்து மட்டுமே பார்த்த அந்தப் பகுதிக்குள் வந்தார்.

நல்ல கூட்டம். நாற்காலி எதுவும் காலி இல்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் இருந்தார்: மனைவி, மகன், மருமகள், பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு ஓர் அக்காவோ தங்கையோ. அக்கா சுவரோரம் ஒதுங்கி, டோக்கனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் எல்லோரும் இப்படிப் பயந்துகொண்டுதான் நின்றார்களா, இத்தனை வருடம் இது நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தார்.

அப்போதுதான் கடைசி வரிசையில் லிஃப்ட்காரர் இருப்பதைக் கண்டார். அவருக்கும் இன்றைக்குத்தான் முறை. பக்கத்து நாற்காலியில் காக்கிப் பை. ஒரு பெரியவர் வந்து அந்த நாற்காலியைக் காட்டி ஏதோ கேட்டார். லிஃப்ட்காரர் தலையாட்டி மறுத்துவிட்டார். பிறகு நிமிர்ந்தவரின் பார்வை சுவரோரம் வந்து, கோட்டு இல்லாத தோள்மேலும், கையில் இருந்த டோக்கன்மேலும் நின்றது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே ஊசிக்காரி யாருடைய எண்ணையோ கூப்பிட்டாள். யாரோ எழுந்து போனார்கள்.

அக்கா மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது லிஃப்ட்காரர் அவரைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே, கனமான அந்தப் பையை ஒரு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பை இருந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தரம் துடைத்துவிட்டார்.